வேகம் கொடுப்பதும் வேகம் கேட்பதும்

"வேகமாகப் போனால்தான் கார் தரையில் ஒட்டும். மெதுவாகப் போனால் வழுக்கிவிடும்." ஃபார்முலா 1 பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். வர்ணனையாளர்களும் சொல்கிறார்கள், ரசிகர்களும் சொல்கிறோம். இது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பல வருடங்களாகக் கார் பந்தயம் பார்த்துவருகிறேன். குதிரைத்திறன், பிட் ஸ்டாப் கணக்கு, ஓட்டுநர்களுக்குள் நடக்கும் உரசல் எல்லாம் இதற்கு அப்புறம்தான். மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும் என்பதால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் டயர். ஒரு பந்தயக் காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. தரையைத் தொடுவது என்னவோ நான்கு டயர்கள்தான். அதிலும் ஒவ்வொன்றின் அடியிலும் தட்டையாகப் படிகிற சின்னப் பரப்பு மட்டும்தான். காற்றியக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இறக்கை காரைத் திருப்புவதில்லை, காரின் அடித்தளம் காரை நிறுத்துவதில்லை. திருப்புவது, நிறுத்துவது, முன்னே தள்ளுவது மூன்றையும் செய்வது அந்த ரப்பர்தான். மற்றதெல்லாம் அதை அழுத்திக்கொடுக்கிற வேலை. மேசைமேல் ஓர் அழிப்பானை வைத்து லேசாகத் தள்ளினால் சறுக்கிக்கொண்டு ஓடும். அதையே விரலால் அழுத்திக்கொண்டு தள்ளினால் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அழிப்பானும் அதே, மேசையும் அதே. மாறியது மேலே இருக்கிற அழுத்தம் ஒன்றுதான்.

டயர் எவ்வளவு விசை தாங்கும் என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள, அதன்மேல் விழும் பாரத்தை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் போதும். பள்ளிப் பாடத்தில் வரும் மரக்கட்டைக் கணக்குகளில் இந்தக் குணகம் 1-க்குக் கீழேதான் இருக்கும். நன்றாகச் சூடேறிய, வரிப்பள்ளங்கள் இல்லாத பந்தய ஸ்லிக் டயருக்கு அது 1.5 வரை, அதற்கு மேலும்கூடப் போகும். மிருதுவான ரப்பர், சாலையில் உள்ள நுண்ணிய கற்களின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் படிந்துகொள்கிறது. பரப்போடு ஒட்டவும் செய்கிறது. வெறும் உரசல் மட்டும் அங்கே நடக்கவில்லை.

சரி, பாரம் கூடினால் பிடி கூடும் என்றால் காரில் நாலு மூட்டை மணலை ஏற்றிவிடலாமே? ஏற்றலாம், பலன் இருக்காது. காரை வளைவில் திருப்ப ஒரு விசை வேண்டும். அது காரின் நிறையைப் பொறுத்தும், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். நிறையை இரட்டிப்பாக்கினால் டயரின் பிடியும் இரட்டிப்பாகும், திருப்பத் தேவைப்படும் விசையும் இரட்டிப்பாகும். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப்போய், குணகமும் புவியீர்ப்பும் வளைவின் ஆரமும் மட்டுமே மிஞ்சும். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு, குணகம் 1.5 என்று வைத்துக்கொண்டால், இறக்கை இல்லாத எந்தக் காருக்கும் எல்லை மணிக்கு 138 கிலோமீட்டர். கார் 500 கிலோவாக இருந்தாலும் அதுதான், 1,500 கிலோவாக இருந்தாலும் அதுதான்.

ஓடும் காரைக் காற்று கீழே அழுத்துகிற விசைதான் டவுன்ஃபோர்ஸ். அதன் மகிமை இங்கேதான் தெரிகிறது. அது டயரை அழுத்துகிறது, ஆனால் காரின் நிறையைக் கூட்டுவதில்லை. டயர் மேல் இரண்டு டன் பாரம் இருந்தாலும், திருப்பவேண்டியது என்னவோ அதே 800 கிலோ காரைத்தான். விமானத்தின் இறக்கையைக் கவிழ்த்து வைத்தால் அது மேலே தூக்குவதற்குப் பதில் கீழே அழுத்தும். காரின் அடியில் காற்று குறுகிய இடைவெளி வழியாக வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கார் தரையை நோக்கி இழுபடும். இரண்டுமே வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறவை. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

இவ்வளவு எளிய யோசனை வந்துசேர எவ்வளவு காலம் ஆனது என்பது எனக்கு இன்னும் வியப்புதான். பல பத்தாண்டுகள் வடிவமைப்பாளர்கள் காற்றைப் பற்றி யோசித்ததெல்லாம் அதன் எதிர்ப்பைக் குறைப்பதற்காகத்தான். 1956-இல் மைக்கேல் மே என்ற சுவிஸ் பொறியாளர் ஒரு போர்ஷே 550-இன் மேல் பெரிய இறக்கை ஒன்றைப் பொருத்தி நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுவந்தார். அமைப்பாளர்கள் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1966-இல், அமெரிக்காவில் ஜிம் ஹால் சாப்பரல் 2இ காரில் உயரமான இறக்கையோடு வந்தார். அவர் இறக்கையின் கால்களைக் காரின் உடலில் பொருத்தவில்லை. சக்கரத்தைத் தாங்குகிற சஸ்பென்ஷன் பாகத்தின் மேலேயே நிறுத்தினார். காற்று அழுத்துவது ஸ்பிரிங்கை நசுக்கி வீணாகாமல் நேராக டயருக்குப் போய்ச் சேர்ந்தது. அழுத்தம் போய்ச் சேரவேண்டிய இடம் எது என்பது அவருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! 1968-இல் ஃபார்முலா 1-க்கும் இறக்கைகள் வந்தன. 1969-இல் மோன்ஜுயிக்கில் நடந்த ஸ்பானியப் பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோக்கன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயரமான இறக்கைகள் முறிந்து பெரிய விபத்துகள் நேர்ந்தன. அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயரமான இறக்கைகளுக்குத் தடை வந்தது.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். ஒரு கற்பனைக் கார் எடுத்துக்கொள்வோம். நிறை 800 கிலோ, குணகம் 1.5, மணிக்கு 180 கிலோமீட்டரில் அதன் டவுன்ஃபோர்ஸ் அதன் எடைக்குச் சமம். இப்போதைய ஃபார்முலா 1 கார்களின் கணக்கு இதிலிருந்து வெகுதூரம் விலகாது. 20 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் இறக்கை இல்லாமல் எல்லை 62 கிலோமீட்டர்; இறக்கையோடு 66. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த காற்றியக்கம் அங்கே கொடுப்பது நாலு கிலோமீட்டர்! 50 மீட்டர் ஆரத்தில் 98 என்பது 116 ஆகும். 100 மீட்டர் ஆரத்தில் 138 என்பது 215 ஆகிவிடும். 130 மீட்டரில் எல்லை 325-ஐத் தொடும்.

170 மீட்டர் ஆரத்தைத் தாண்டினால் ஒரு விசித்திரம் நடக்கிறது. சமன்பாட்டில் எல்லையே காணாமல் போய்விடுகிறது. கார் வேகம் கூடக்கூட, திருப்பத் தேவைப்படும் விசையும் வர்க்கத்தில் கூடுகிறது, காற்று கொடுக்கும் பிடியும் வர்க்கத்தில் கூடுகிறது. வேகம் எவ்வளவு கேட்கிறதோ அதற்கு மேலேயே வேகம் கொடுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட வளைவில் காரைத் தடுப்பது பிடி இல்லை, இன்ஜின் சக்தி மட்டும்தான். ஓட்டுநருக்கு அது வளைவே இல்லை, கழுத்தை ஒரு பக்கமாகப் பிய்க்கிற நேர்ச்சாலை.

ஜப்பானின் சுஸுகா தடத்தில் 130ஆர் என்று ஒரு வளைவு உண்டு. ஆரம் 130 மீட்டர் என்பதால் வந்த பெயர். 2003-இல் அதன் வடிவத்தை மாற்றிவிட்டார்கள், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் அதை முழு ஆக்ஸிலரேட்டரில் கடப்பது வீரத்தின் அளவுகோல். இன்றைய காரில் காலை எடுக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஓட்டுநர்கள் கோழைகளாகிவிட்டார்கள், சவால் போய்விட்டது என்று சிலர் வருத்தப்படுவதைப் பார்க்கிறேன். சவால் எங்கும் போகவில்லை. டவுன்ஃபோர்ஸ் கூடக்கூட, இன்னும் சிறிய ஆரமுள்ள வளைவுகளுக்கு அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது மீதிப் பாதி. "மெதுவாகப் போனால் வழுக்கும்" என்பது அப்படியே சரியில்லை. மேலே சொன்ன காரை அந்த 100 மீட்டர் வளைவில் 150-இல் ஓட்டினால் கிடைக்கிற பிடியில் சுமார் 70 சதவீதம்தான் தேவைப்படும். 200-இல் 94 சதவீதம். மெதுவாகப் போகிறவருக்குப் பிடி குறைவு, ஆனால் தேவை அதைவிடக் குறைவு. அவர் வழுக்கமாட்டார், நேரத்தை இழப்பார்.

பிறகு ஏன் தயங்குகிற ஓட்டுநர் சுழன்றுபோகிறார்? வேகம் குறைந்ததால் இல்லை, வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுத்ததால். 250-இல் போகும் காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே காற்றின் எதிர்ப்பு காரைப் பிரேக் போட்டதுபோலப் பிடித்து இழுக்கும். பாரம் பின் டயரிலிருந்து முன் டயருக்கு மாறும். மூக்கு தாழ்ந்து பின்பகுதி உயர்வதால் அடித்தளத்தின் உறிஞ்சலும் முன்னோக்கி நகரும். முன்பக்கம் கெட்டியாகப் பிடிக்க, பின்பக்கம் காலியாகும். ஒரு நொடிக்குள் எல்லாம் நடந்துவிடும். கார் கொஞ்சம் குறுக்கே திரும்பிவிட்டால் காற்று நேராக வராமல் பக்கவாட்டில் வரும், இருந்த டவுன்ஃபோர்ஸும் சரியும். டவுன்ஃபோர்ஸ் அதிகமுள்ள கார்கள் போனால் ஒரேயடியாகப் போவது இதனால்தான்.

இதுவரை போட்ட கணக்கில் ஓர் எளிமைப்படுத்தல் இருக்கிறது. குணகம் 1.5 என்று நிலையாக வைத்துக்கொண்டேன். ரப்பர் அப்படி நடந்துகொள்ளாது. பாரம் ஏற ஏற அது கொடுக்கும் பிடியின் விகிதம் குறையும். இதைத்தான் பொறியாளர்கள் டயரின் லோட் சென்ஸிடிவிட்டி என்கிறார்கள். ஒரு பேச்சுக்கு இப்படி ஒரு டயர்: 200 கிலோ பாரத்தில் குணகம் 1.7, 400 கிலோவில் 1.55, 600 கிலோவில் 1.4. பிடி முறையே 340, 620, 840. முதல் 200 கிலோவுக்கு 340 கிடைத்தது, அடுத்த 200-க்கு 280, அதற்கடுத்த 200-க்கு 220. காரணம் ரப்பரின் தொடுபரப்பில் இருக்கிறது. லேசான பாரத்தில் சாலையின் மேடுகளில் கொஞ்சம்தான் படிந்திருக்கும்; பாரம் ஏறும்போது படிய இன்னும் நிறைய இடம் கிடைக்கும். மேலும் மேலும் அழுத்தினால் புதிதாகப் படிய இடம் குறைந்துகொண்டே வரும்.

சஸ்பென்ஷன் பொறியாளர்களின் வேலையில் பாதி இந்த ஒரு குணத்திலிருந்து பிறந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. வளைவில் கார் திரும்பும்போது உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் பாரம் மாறுகிறது. நம் உதாரணத்தில் இரண்டு டயரிலும் 400, 400 இருந்தால் மொத்தப் பிடி 1,240. அதே 800 கிலோ 200 ஆகவும் 600 ஆகவும் பிரிந்தால் 340-உம் 840-உம் சேர்ந்து 1,180. மொத்தப் பாரம் மாறவே இல்லை, 60 கிலோ பிடி எங்கோ போய்விட்டது. ஈர்ப்பு மையத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைக்க அவர்கள் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பதற்கு இதுதான் விடை. முன்பக்கம் அதிகமாகப் பாரம் மாறினால் முன் டயர்கள் சோர்ந்து கார் திரும்ப மறுக்கும். பின்பக்கம் மாறினால் வால் வெளியே வரும். கார் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கிற ஆன்டி-ரோல் பார் என்ற கம்பியை ஒரு படி இறுக்குவதும் தளர்த்துவதும் இந்தப் பங்கீட்டை மாற்றத்தான்.

டவுன்ஃபோர்ஸுக்கும் இந்தக் கழிவு உண்டு. காற்று கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்கானால், அதனால் கிடைக்கும் கூடுதல் பிடி நான்கு மடங்கு ஆகாது. அதனால் நான் சொன்ன 325-உம் 170-உம் கொஞ்சம் தாராளமான எண்கள்தான். இருந்தாலும் கணக்கின் வடிவம் மாறாது. கழிவு போகவும் மிச்சம் நிறைய இருக்கிறது.

வேகத்துக்கும் பிடிக்கும் உள்ள உறவை மிகத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் வளைவைவிட பிரேக்கிங்கைப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. மணிக்கு 300 கிலோமீட்டரில் அந்தக் கற்பனைக் காரின் டவுன்ஃபோர்ஸ் அதன் எடையைப்போல 2.8 மடங்கு. சொந்த எடையையும் சேர்த்தால் டயர்மேல் இருப்பது 3.8 மடங்கு பாரம். கழிவைக் கணக்கில் எடுக்காவிட்டால் 5.7 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப்போல 5.7 மடங்கு வரை, பிரேக் பிடிக்கலாம். கார் 100-க்கு இறங்கும்போது டவுன்ஃபோர்ஸ் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிரேக்கிங் எல்லை 2 ஜி-க்கு வந்துவிடும். நேர்ச்சாலையின் முடிவில் இருந்த பிடியில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டே நொடியில், ஓட்டுநரின் காலடியிலேயே கரைந்துபோகிறது.

அதனால் அவர் கால் செய்வது நாம் சாலையில் செய்வதற்கு நேர் எதிர். நாம் பிரேக்கை மெல்ல ஆரம்பித்துப் போகப்போக அழுத்துவோம். அவர் முதல் கணத்திலேயே உடம்பின் முழு பலத்தோடு மிதித்துவிட்டு, அடுத்த கணத்திலிருந்து விடத் தொடங்குகிறார். அந்த விடுதல் வேகத்தின் வர்க்கத்தோடு ஒத்துப்போகவேண்டும். சீக்கிரம் விட்டால் பிடி வீணாகும், தாமதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு டயரிலிருந்து புகை கிளம்பும். சக்கரம் பூட்டாமல் தானே பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் ஃபார்முலா 1-இல் கிடையாது. பந்தய ஒளிபரப்பில் பிரேக் பெடலின் அளவுகோலைத் திரையில் காட்டும்போது நான் வேறெதையும் பார்ப்பதில்லை. ஒரே தாவலில் உச்சிக்குப் போய், பிறகு வழுவழுப்பான ஒரு சரிவில் வளைவின் நடுவரை இறங்கிவரும் அந்த அளவு, நல்ல ஓட்டுநர்களுக்குச் சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி இருக்கும். யார் எவ்வளவு தாமதமாகப் பிரேக் பிடித்தார் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எவ்வளவு சரியாக விட்டார் என்பதில்தான் திறமை இருக்கிறது. அங்கே காற்று விலகிக்கொண்டே போகிறது, ரப்பர் பொறுப்பை எடுத்துக்கொண்டே வருகிறது. கைமாறும் அந்தச் சில பத்து மீட்டர்களில் காரை வளைவுக்குள் திருப்பவும் வேண்டும்.

இன்னொன்று. டவுன்ஃபோர்ஸுக்கு வேண்டியது தரையின்மேல் காரின் வேகம் இல்லை, காற்றோடு ஒப்பிட்ட வேகம். 250-இல் வளைவுக்குள் நுழையும்போது எதிர்க்காற்று 20 கிலோமீட்டரில் வீசினால் டவுன்ஃபோர்ஸ் சுமார் 17 சதவீதம் கூடும். பின்னாலிருந்து அதே 20 வீசினால் 15 சதவீதம் குறையும். ஓட்டுநரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்; டயருக்கு இரண்டும் வெவ்வேறு வளைவுகள். போன சுற்றில் ஒட்டிய இடத்தில் இந்தச் சுற்றில் கார் நழுவியது என்று ரேடியோவில் புலம்புவதைக் கேட்டால் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காற்று மெலிந்தாலும் இதேதான். மெக்ஸிகோ நகரத் தடம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மொனாக்கோவுக்குப் பொருத்துகிற பெரிய இறக்கைகளைப் பொருத்திக்கொண்டு, மிகச் சின்ன இறக்கைகளோடு ஓடுகிற மோன்ஸாவில் கிடைக்கும் அளவு டவுன்ஃபோர்ஸோடு அங்கே ஓட்டவேண்டியிருக்கிறது.

முன்னால் ஒரு கார் போனால் நிலைமை இன்னும் மோசம். அது கிழித்துக் கலக்கிவிட்ட காற்றில்தான் பின்னால் வருகிறவர் ஓட்டவேண்டும். 2022-க்கு முந்தைய கார்கள், 20 மீட்டர் பின்னால் வந்தால் 35 சதவீதமும், 10 மீட்டருக்கு நெருங்கினால் 46 சதவீதமும் டவுன்ஃபோர்ஸை இழந்ததாக ஃபார்முலா 1 நிர்வாகமே சொன்னது. இழப்பு அதோடு நிற்பதில்லை. அழுத்தம் குறைந்த டயர் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கும், சறுக்கினால் மேற்பரப்பு கொதிக்கும், கொதித்தால் இருக்கிற பிடியும் போகும். முந்தப் பார்த்த ஓட்டுநர் மூன்று சுற்றுக்குப் பிறகு பின்வாங்கினால் அவருக்கு மனசு இல்லை என்று பொருள் இல்லை, டயரை ஆறவிடுகிறார். 2022-இல் அடித்தளத்துக்கு முக்கியத்துவம் கொடுத்து விதிகளை மாற்றியது இதற்காகத்தான். அந்த இழப்பை 4 சதவீதமாகவும் 18 சதவீதமாகவும் குறைப்பது அவர்கள் வைத்த இலக்கு. என்னைக் கேட்டால், கடந்த இருபது வருடங்களில் எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று அது.

சூடு அதிகமானால் ஒரு பிரச்சினை, ஆறிவிட்டால் வேறு பிரச்சினை. விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக நடத்திச் செல்லும் சேஃப்டி கார் பின்னால் போகும்போது அது இன்னும் வேகமாகப் போகட்டும் என்று ஓட்டுநர்கள் கெஞ்சுவதைக் கேட்டிருப்பீர்கள். வேகம் இல்லாததால் டவுன்ஃபோர்ஸ் இல்லை, டவுன்ஃபோர்ஸ் இல்லாததால் டயருக்கு வேலை இல்லை, வேலை இல்லாததால் அது ஆறிப்போகிறது. ஆறின ரப்பர் கெட்டியாகிவிடும், குணகமே கீழே போகும். "வேகமாகப் போனால்தான் ஒட்டும்" என்ற பேச்சு முழு உண்மையாவது இந்த இடத்தில்தான்.

இத்தனை பாரத்தையும் தாங்கவேண்டிய டயருக்கும் ஓர் எல்லை உண்டு. 2005-இல் இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்கப் பந்தயம் அதை உலகுக்கே காட்டியது. அங்கே 13-ஆவது திருப்பம், முழு வேகத்தில் கடக்கும் சாய்வான வளைவு. சாய்வு காரணமாக, டவுன்ஃபோர்ஸோடு சேர்த்து வளைவின் விசையில் ஒரு பகுதியும் டயரைக் கீழே அழுத்தும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் போனது. அந்த டயரைச் செய்த மிஷெலின் நிறுவனம், தன் டயர்கள் அந்த வளைவை முழு வேகத்தில் தாங்கும் என்று உறுதி தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிஷெலின் டயரில் வந்த 14 கார்கள், பந்தயத்துக்கு முந்தைய ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. ஜோர்டான் காரில் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தது அந்தப் பந்தயத்தில்தான்.

2020 ஆகஸ்ட் 2-ஆம் தேதி சில்வர்ஸ்டோனிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. கடைசிச் சில சுற்றுகளில் பொட்டாஸ், சாய்ன்ஸ், ஹாமில்டன் மூவருக்கும் இடது முன் டயர் போனது. ஹாமில்டன் கடைசிச் சுற்றின் பாதியை ஏறக்குறைய மூன்று டயரில் ஓட்டி ஜெயித்தார். காப்ஸ், ஸ்டோ போன்ற வேகமான வலது வளைவுகள் நிறைந்த தடம் என்பதால் அந்த ஒரு டயர்தான் அதிகம் வாங்குகிறது. ஒரே டயரில் நீண்ட தூரம் ஓடியதும், அந்தக் கார்கள் ஏற்றிய விசையும் சேர்ந்ததுதான் காரணம் என்று டயர் கொடுத்த பிரெல்லி நிறுவனம் சொன்னது. 2021-க்கு அடித்தளத்தின் பின்பகுதியை வெட்டி டவுன்ஃபோர்ஸைக் குறைத்தார்கள். டயரைக் காப்பாற்றக் காற்றை வெட்டவேண்டியிருந்தது.

டயருக்கு முன்னால் மனித உடம்பு தோற்ற ஒரு சம்பவமும் உண்டு. 2001 ஏப்ரலில் டெக்சஸில் நடக்கவேண்டிய, கார்ட் (CART) என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரின் பந்தயம், அது தொடங்கவிருந்த அன்றே ரத்தானது. 24 டிகிரி சாய்வுள்ள அந்த ஓவல் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதி நேரம் ஓட்டுநர்கள்மேல் 5 ஜி அளவுக்கு விசை விழுந்தது. பயிற்சியிலேயே பெரும்பாலானோருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. ரப்பர் பிடித்தது, கார் ஓடியது, உள்ளே இருப்பவரால் முடியவில்லை.

வேகத்தை நம்பாமலே அழுத்தம் கொடுக்க முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். அதே ஜிம் ஹால் 1970-இல் சாப்பரல் 2ஜே காரின் பின்னால் இரண்டு விசிறிகளை வைத்து, தனி இன்ஜின் கொண்டு ஓட்டி, அடியில் உள்ள காற்றை உறிஞ்சினார். 1978-இல் கோர்டன் மரே வடிவமைத்த பிராபம் பிடி46பி, ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டோர்ப்பில் நிக்கி லௌடா கையில் ஓடிய ஒரே பந்தயத்தையும் ஜெயித்தது. அதில் விசிறி காரின் இன்ஜினோடு இணைந்திருந்ததால் நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே கார் கண்ணெதிரே கீழே பதுங்கும். இரண்டும் பந்தயத் தடங்களிலிருந்து ஓரங்கட்டப்பட்டன. நம் கற்பனைக் காருக்கு இறக்கைக்குப் பதிலாக எடையைப்போல இரண்டு மடங்கு நிலையான உறிஞ்சல் கொடுத்தால் அந்த 20 மீட்டர் கொண்டை ஊசி வளைவை 66-க்குப் பதில் 107-இல் கடக்கும். நின்றிருக்கும்போதே சுமார் இரண்டு டன் உறிஞ்சும் மெக்மர்ட்ரி ஸ்பெர்லிங் என்ற மின்சாரக் கார் 2022-இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் மேட்டுச்சாலையில் நடக்கும் கார் ஓட்டத்தை 39.08 நொடியில் முடித்துச் சாதனை படைத்தது இப்படித்தான்.

ஃபார்முலா 1 வேறு வழியில் போயிருக்கிறது. அழுத்தம் வேண்டாத நேர்ச்சாலையில் இறக்கையைத் திறந்து எதிர்ப்பைக் குறைப்பது. 2011-இல் வந்த டிஆர்எஸ் என்ற ஏற்பாடு பின் இறக்கையை மட்டும் திறந்தது. பிரேக் பிடிக்கும்முன் அது மூடியாகவேண்டும். 2018-இல் மோன்ஸா பயிற்சியில் மார்க்கஸ் எரிக்ஸனின் சௌபர் காரில் அது மூடவில்லை. பிரேக்கைத் தொட்டதும் கார் இடப்பக்கச் சுவரில் மோதிப் பலமுறை உருண்டது, நல்லவேளையாக அவர் நடந்து வெளியே வந்தார். 2025-இல் சுஸுகா பயிற்சியில் ஜாக் டூஹன் முதல் திருப்பத்துக்குள் இறக்கை திறந்தபடியே நுழைந்துவிட, அல்பைன் காரின் பின்பகுதி ஒரே வீச்சில் வெளியே போனது. முன் டயர்கள் முழு அழுத்தத்தில் இருக்க, பின் டயர்களுக்குச் சேரவேண்டிய பங்கு சேராததுதான் இரண்டிலும் நடந்தது. 2026 விதிகளில் முன் இறக்கை, பின் இறக்கை இரண்டும் நேர்ச்சாலையில் சேர்ந்தே திறக்கின்றன, வளைவுக்குமுன் சேர்ந்தே மூடுகின்றன. அழுத்தம் குறையும்போது நான்கு டயர்களுக்கும் சேர்ந்தே குறைவதால், காரின் சமநிலை முன்னே பின்னே அவ்வளவாகச் சாய்வதில்லை.